திருவந்திபுரம் நடனக் குழுவின் ஐரோப்பியப் பயணம் (1838)

1838-ஆம் ஆண்டு கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து நடனப் பெண்களும் மூன்று இசைக் கலைஞர்களும் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி பிரான்சுக்குச் சென்றனர். பாரிசிலும் லண்டனிலும் ஐரோப்பாவின் வேறு சில நகரங்களிலும் அவர்கள் ஆடினர். கோயிலிலும் சதிர்க் கச்சேரியிலும் பயின்ற தமிழ்நாட்டுக் கலைஞர்கள் ஒரு குழுவாக ஐரோப்பிய அரங்குகளில் ஏறிய தொடக்க கால நிகழ்வுகளில் இது மிக முக்கியமானது. அந்தப் பயணத்தின் நினைவு பாலே கதைகளிலும் வெண்கலச் சிற்பத்திலும் தங்கியது. 177 ஆண்டுகள் கழித்து, 2015-இல், சென்னையில் பிறந்த ஒரு நடன அமைப்பாளர் லண்டனில் அதை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

இக்கட்டுரை அந்தப் பயணத்தை ஒரு குறிப்பிட்ட கேள்வியின் வழியே பார்க்கிறது. சுற்றுப்பயணம் செய்யும் நடனக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மாலையில் பல சிறு உருப்படிகளை அடுத்தடுத்து ஆடுகின்றன. ஆங்கிலத்தில் 'மிக்ஸ்டு பில்' எனப்படும் இவ்வகை நிகழ்ச்சியைத் தமிழில் கலவை நிகழ்ச்சி எனலாம். எந்த உருப்படி முதலில் வரும், எது எதன் பக்கத்தில் நிற்கும், என்ன பெயரில் விளம்பரமாகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

வட்டாரப் பின்னணி

இன்றைய கடலூர் மாவட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மாவட்டத்தின் மேற்கே வெள்ளாற்றங்கரையில் திட்டக்குடி உள்ளது. அங்கிருந்து கிழக்கே வந்தால் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம். அதற்கும் அப்பால், கடற்கரைக்கு அருகே, சிதம்பரமும் கடலூரும் உள்ளன. இந்த வட்டாரத்தில் நடனம் கல்லிலேயே பதிந்திருக்கிறது. நாட்டிய சாத்திரம் வகுத்த 108 கரணங்கள் சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ளன. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் கோபுரத்திலும் கரணச் சிற்பங்களைக் காணலாம். திட்டக்குடி மாணவர் ஒருவர் காலையில் பேருந்து ஏறினால் இரண்டு கோயில்களையும் பார்த்துவிட்டு மாலைக்குள் ஊர் திரும்பிவிடலாம்.

கோயிலோடு இணைந்த ஆடல் மகளிர் மரபும் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் பணிபுரிய முதலாம் இராசராசன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றியதை அக்கோயில் கல்வெட்டு ஊர்ப்பெயர்களுடன் கூறுகிறது. பிற்காலத்தில் தேவரடியார், தேவதாசி என்ற பெயர்கள் வழங்கின. கோயில் சடங்குகளோடு அரசவையிலும் செல்வர் இல்லத் திருமணங்களிலும் இவர்கள் ஆடினர். அந்த ஆட்டம் சதிர், சின்னமேளம் என்றெல்லாம் அழைக்கப்பட்டது.

கெடிலம் ஆற்றங்கரையிலுள்ள திருவந்திபுரம், தேவநாதப் பெருமாள் கோயில் அமைந்த வைணவத் திருத்தலம். நூல்களில் இவ்வூர் திருவயிந்திரபுரம் என்றும் குறிக்கப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கடலூர் ஆங்கிலேயர் வசமும், அதற்கு வடக்கே சற்றுத் தொலைவிலேயே உள்ள புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசமும் இருந்தன. இந்த அண்மையே பயணத்துக்கு வழி திறந்தது.

ஒப்பந்தமும் கடற்பயணமும்

தார்திவேல் என்ற பிரெஞ்சு நிகழ்ச்சி முகவர் புதுச்சேரியில் இக்குழுவினரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். குறிப்பிட்ட காலத்துக்கு ஐரோப்பாவில் ஆடுவது அதன் சாரம். 1838 சூலை மாதம் கப்பல் பிரான்சின் போர்தோ துறைமுகத்தை அடைந்தது.

குழுவில் இருந்தவர்களின் பெயர்களை ஐரோப்பிய நாளிதழ்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதின. முப்பது வயதான மூத்தவர் 'தில்லே' அல்லது 'தில்லம்மாள்' எனப்பட்டார். பதினெட்டு வயதான முதன்மை ஆட்டக்காரி 'அமானி'. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர் இருவர் 'ராம்கூன்', 'சௌந்திரூன்' எனப்பட்டனர். ஆறே வயதான குழந்தையின் பெயர் 'வேதூன்'. தமிழ்க் காதுக்கு இவை தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சௌந்தரம், வேதம் போன்ற பெயர்களாக ஒலிக்கின்றன. இசைக் கலைஞர் மூவரில் ஒருவர் தாளமும், ஒருவர் மத்தளமும், மற்றொருவர் குழல் வகைக் கருவியும் வாசித்தனர். தாளம் வாசித்தவரின் பெயர் இராமலிங்கம். 'தேவநாயகம்' என்ற பெயரும் பட்டியலில் உள்ளது. திருவந்திபுரத்துப் பெருமாளின் பெயரோடு அதற்குள்ள உறவு வெளிப்படை.

ஐரோப்பாவின் முன்கற்பனை

குழு பாரிசை அடையும் முன்பே அந்நகரத்துக்கு 'பயதேர்' என்ற சொல் பழக்கமாகிவிட்டது. நடனக்காரி எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல் ஒன்றிலிருந்து பிரெஞ்சு மொழிக்கு வந்த அது, இந்தியக் கோயில் நடனப் பெண்களைக் குறித்தது. செருமானியக் கவிஞர் கதே ஒரு கடவுளையும் ஒரு பயதேரையும் பற்றி 1797-இல் ஒரு கதைப்பாடல் எழுதினார். அதைத் தழுவி 1830-இல் பாரிசு ஓப்பராவில் 'கடவுளும் பயதேரும்' என்ற ஓப்பரா-பாலே அரங்கேறியது. அதில் பயதேராக ஆடியவர் அக்காலத்தின் புகழ்மிக்க பாலே ஆட்டக்காரி மாரி தாலியோனி. வெண்ணிற மெல்லாடையில் கால்விரல் நுனியில் மிதப்பவளே பயதேர் என்ற எண்ணம் பார்வையாளர் மனத்தில் பதிந்தது.

இந்நிலையில் வந்த திருவந்திபுரத்துப் பெண்கள் முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்று, பாதத்தைத் தரையில் தட்டி, கண்ணாலும் கையாலும் பொருள் சொல்லி ஆடினர். சிலர் வியந்தனர். தாலியோனியை எதிர்பார்த்து வந்த சிலர் ஏமாந்தனர். எழுத்தாளரும் நடன விமரிசகருமான தியோபில் கோத்தியே பொதுமேடைக்கு முன்னரே அவர்களைப் பார்த்து, 1838 ஆகஸ்டில் 'லா பிரெஸ்' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அம்மணியின் நிறம், நகைகள், கண்கள் ஆகியவற்றை அவர் உருகி வருணித்தார். அசைவுகளையும் கவனித்தார். ஆனால் அந்த ஆட்டத்தின் தாள இலக்கணமோ பாட்டின் பொருளோ கட்டுரையில் பெரிதாக இடம்பெறவில்லை. சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அதே ஆண்டு அம்மணியின் சிறிய உருவச் சிலையை வடித்தார்.

மேடையில் நிகழ்ச்சி நிரல்

அரசர் லூயி பிலிப்பின் முன்னிலையில் ஆடிய பின், குழு 1838 ஆகஸ்டில் பாரிசின் வாரியத்தே அரங்கில் பொதுமக்கள் முன் ஆடியது. அக்டோபரில் லண்டனின் அடெல்பி அரங்குக்குச் சென்றது. இரண்டுமே கோயிலோ அவையோ அல்ல. பாட்டு கலந்த நகைச்சுவை நாடகங்களுக்குப் பெயர்பெற்றது வாரியத்தே. அடெல்பியோ உணர்ச்சி நாடகங்களுக்கும் கேலி நாடகங்களுக்கும் பேர்போனது. அக்கால லண்டன் அரங்குகளில் ஒரே மாலையில் இரண்டு மூன்று நாடகங்களும் இடையே ஆட்டமும் பாட்டும் இருப்பது வழக்கம். திருவந்திபுரம் குழுவின் ஆட்டம் இத்தகைய கலவை நிகழ்ச்சியில் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

விளம்பரங்களில் உருப்படிகளுக்கு இடப்பட்ட பெயர்களைத் தமிழில் சொன்னால் 'அரசருக்கு வணக்கம்', 'விஷ்ணுவின் அலங்காரம்', 'விதவையின் புலம்பல்', 'கத்தி நடனம்', 'மலாப்பு அல்லது இன்ப நடனம்' என்று வரும். இவை ஐரோப்பியப் பார்வையாளருக்காகச் சூட்டப்பட்ட பெயர்கள். சதிர்க் கச்சேரியின் உருப்படிப் பெயர்கள் எதுவும் அவற்றில் இல்லை. ஆயினும் சில அடையாளங்கள் தெரிகின்றன. சதிரில் சப்தம் என்ற உருப்படி அரசரையோ இறைவனையோ போற்றி 'சலாமு' என்ற வணக்கச் சொல்லோடு முடிவது வழக்கம். 'அரசருக்கு வணக்கம்' அத்தகைய உருப்படியாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

அதே காலத் தஞ்சையின் நிரல்

இந்தக் குழுவைப் பாரிசு இதழ்கள் மிகப் பழங்காலத்தின் எச்சமாகப் பேசின. உண்மையில் அவர்கள் ஆடியது அவர்கள் காலத்தின் நடனம். 1838-இல் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்களும் உயிரோடிருந்தனர். நால்வருமே அப்போது நாற்பது வயதைத் தாண்டாதவர்கள். இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் அவர்கள் சதிர்க் கச்சேரியை அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையில் ஒழுங்குபடுத்தினர். இன்று 'மார்க்கம்' எனப்படுவது இதுவே.

மார்க்கமும் பல சிறு உருப்படிகளின் தொகுப்புதான். அவ்வகையில் அதுவும் ஒரு கலவை நிகழ்ச்சி. ஆனால் அதன் வரிசைக்குக் காரணம் உண்டு. அலாரிப்பில் உடல் பதப்படுகிறது. சதிசுவரத்தில் சுவரமும் சதியும் சேர்கின்றன. சப்தத்தில் சொல் முதன்முதலாக நுழைகிறது. வர்ணத்தில் தூய ஆடலும் அபிநயமும் சம வலிமையோடு மாறி மாறி வருகின்றன. பதத்தில் வேகம் அடங்கி உணர்வு மேலோங்குகிறது. தில்லானாவில் மீண்டும் தாளத்தின் துள்ளல். தேவதாசி மரபில் வந்த தஞ்சாவூர் பாலசரசுவதி இவ்வரிசையைக் கோயிலுக்குள் படிப்படியாகச் செல்வதோடு ஒப்பிட்டு விளக்கினார்: கோபுரத்தில் தொடங்கி மண்டபங்களைக் கடந்து கருவறைக்குப் போவது போன்றது அது என்பது அவர் கருத்து.

அடெல்பியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு நாடகத்துக்கும் இன்னொரு நாடகத்துக்கும் நடுவே, அரங்க மேலாளர் விரும்பிய அளவில், விரும்பிய பெயரில் உருப்படிகள் வைக்கப்பட்டன. ஆட்டம் அவர்களுடையது, நிரல் அவர்களுடையது அல்ல. ஆடியவர்கள் தம் ஆட்டத்தைப் பற்றி எழுதிய சொல் எதுவும் அந்த நாளிதழ்களில் வரவில்லை. முகவரும் மேலாளரும் விமரிசகருமே பேசினர்.

பயணத்தின் பின்விளைவுகள்

கோத்தியே பின்னர் காளிதாசரின் கதையை வைத்து 'சகுந்தலா' பாலேக்குக் கதை எழுதினார். அது 1858-இல் பாரிசில் அரங்கேறியது. 1877-இல் மாரியுஸ் பெத்திபா புனித பீட்டர்சுபர்க்கில் 'லா பயதேர்' பாலேயை அமைத்தார். கோயில் நடனக்காரி நிக்கியாவின் காதலையும் மரணத்தையும் சொல்லும் அது இன்றும் உலகின் பெரிய பாலே குழுக்களால் ஆடப்படுகிறது. அதில் சதிரின் ஓர் அடவுகூடக் கிடையாது. பயதேர் உலகப் புகழ் பெற்றாள். திருவந்திபுரத்துப் பெண்கள் மறக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டிலும் நிலைமை மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடன எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் முயற்சியால் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1930-களில் சதிர் 'பரதநாட்டியம்' என்ற பெயரில் நகர மேடைக்கு வந்தது. பெண்களைச் சுரண்டலிலிருந்து காக்க நினைத்த அதே காலம், அக்கலையைக் காத்துவந்த குடும்பங்களில் பலவற்றை மேடையிலிருந்து விலக்கவும் செய்தது.

நிரல் கைமாறிய கதை

20-ஆம் நூற்றாண்டில் சுற்றுப்பயணக் குழுக்களின் வழியே இந்திய நடனம் மீண்டும் வெளிநாடு சென்றது. உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா தம் குழுவின் கலவை நிகழ்ச்சியில் இந்தியக் கருப்பொருளைச் சேர்க்க விரும்பினார். லண்டனில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த உதயசங்கர் அவருக்காக 'கிருஷ்ணனும் ராதையும்', 'ஓர் இந்துத் திருமணம்' ஆகிய இரண்டு சிறு உருப்படிகளை அமைத்தார். 1923-இல் அவை மேடையேறின. அப்போது உதயசங்கர் பிறருடைய நிரலில் ஒரு பகுதி மட்டுமே. 1930-களில் சொந்தக் குழுவோடு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றியபோது முழு மாலையின் வரிசையையும் அவரே வகுத்தார். பாவ்லோவாவின் நட்பு வேறொரு விளைவையும் தந்தது. அவருடைய தூண்டுதலால் பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவி, பின்னர் பரதநாட்டியத்துக்குத் திரும்பி 1936-இல் சென்னையில் கலாசேத்திரத்தை நிறுவினார்.

1962-இல் பாலசரசுவதி அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார். அவ்விழாவை நடத்திய டெட் ஷான், ஒரே மாலையில் பாலே, நவீன நடனம், பிற நாட்டு நடனம் ஆகியவற்றை அடுத்தடுத்து வைக்கும் வழக்கம் உடையவர். மார்க்கத்தின் வரிசையைக் கோயிலோடு ஒப்பிட்ட கலைஞர், பலவகை ஆட்டங்கள் சேர்ந்த ஒரு விழாவில் தம் கலையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவரைப் பார்த்த அமெரிக்க நடனக் கலைஞர்களும் விமரிசகர்களும் அவரைக் காட்சிப் பொருளாகப் பார்க்கவில்லை. தம் காலத்தின் பெரும் கலைஞராகவே மதித்தனர். பின்னாளில் அவர் வெசுலியன் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் கற்பித்தார்.

ஷோபனா ஜெயசிங்கும் அம்மணியின் மறுவருகையும்

ஷோபனா ஜெயசிங் சென்னையில் பிறந்தவர். இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்த காலம் உண்டு. பரதநாட்டியம் பயின்ற இவர் 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் குடியேறி, 1988-இல் லண்டனில் தம் பெயரிலான தற்கால நடனக் குழுவைத் தொடங்கினார். தொடக்கப் படைப்பான 'கான்ஃபிகரேஷன்ஸ்' நடனத்துக்கு ஆங்கில இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் நான்கு நரம்புக் கருவிகளுக்கான இசையை எழுதினார். வழக்கமாக இசைக்கு நடனம் அமைப்பார்கள். இங்கே ஷோபனா முதலில் சதிக் கணக்குகளைக் கொடுத்தார். அந்தக் கணக்குகளின்மேல் நைமன் இசையைக் கட்டினார். கணிதமேதை இராமானுசன் குறித்த 'கரெஸ்பாண்டன்சஸ்' (1990), கபடி ஆட்டத்திலிருந்து பிறந்த 'ரெய்டு' (1995) ஆகியவை இக்குழுவின் குறிப்பிடத்தக்க படைப்புகள்.

2015-இல் இவர் அமைத்த 'லா பயதேர் – ஒன்பதாவது வாழ்வு' லண்டன் ராயல் ஓப்பரா ஹவுசின் லின்பரி அரங்கில் அரங்கேறியது. இசை கேப்ரியல் புரோகோஃபியேவ். பெத்திபாவின் கதையை இன்றைய இந்திய இளைஞர் ஒருவர் வியப்போடும் கேலியோடும் சொல்லிப் பார்ப்பதில் தொடங்கி, 1838-இல் வந்த கோயில் நடனப் பெண்களையும் அவர்களைப் பார்த்த ஐரோப்பியக் கண்களையும் நோக்கி அது நகர்கிறது. பயதேர் பாத்திரத்தை ஏற்றவர் சூரஜ் சுப்பிரமணியம் என்ற ஆண் பரதநாட்டியக் கலைஞர். அம்மணியைச் சூழ்ந்த வருணனைகள் ஓர் ஆணின் உடல்மீது விழும்போது, பார்வையாளர் ஆட்டக்காரரை மட்டுமன்றி வருணிப்பவரையும் கவனிக்க நேர்கிறது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் குழு 'மெட்டீரியல் மென்' என்ற புதிய இருவர் நடனத்தை 2013-இல் அமைத்த 'ஸ்ட்ரேஞ்ச் புளூம்ஸ்' உடன் சேர்த்து ஒரே மாலையில் வழங்கியது. இது முறையான கலவை நிகழ்ச்சி. 'ஸ்ட்ரேஞ்ச் புளூம்ஸ்' செடிகளின் வளர்ச்சியை, அதாவது பற்றிப் படர்வதையும் முளைவிடுவதையும், குழு நடனமாக்கியது. 'மெட்டீரியல் மென்' ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த இருவரை நேருக்கு நேர் நிறுத்தியது. ஒருவர் மலேசிய வழிவந்த சூரஜ். மற்றவர் சுரினாம் வழிவந்த ஹிப்-ஹாப் கலைஞர் ஷைலேஷ் பகோரன். எலெனா காட்ஸ்-செர்னின் இசையமைத்த அந்த நடனத்தில் பரதத்தின் அரைமண்டியும் ஹிப்-ஹாப்பின் தரையோடு ஒட்டிய சுழற்சியும் ஒன்றையொன்று சோதித்தன. 2017-இல் அது முழுமாலைப் படைப்பாக விரிவாக்கப்பட்டது.

இங்கே இரு வரலாறுகள் சந்திக்கின்றன. அம்மணியின் குழு பிரான்சுக்குக் கப்பலேறிய 1838-ஆம் ஆண்டிலேதான் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. மொரீசியசுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கூலிகள் அனுப்பப்பட்டனர். பின்னர் தென்னார்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஏராளமானோர் மொரீசியசு, நேட்டால், மலேயா எனக் கடல் கடந்தனர். கலைஞரும் கூலியும் ஒன்றல்ல. ஆனால் இருவரும் ஒப்பந்தத்தின்பேரில் கப்பல் ஏற நேர்ந்த காலம் அது. ஒரே நடன அமைப்பாளர், ஒரே ஆண்டில், இந்த இரு பயணங்களையும் மேடையேற்றினார். எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார்.

வரலாற்று முக்கியத்துவம்

திருவந்திபுரம் குழுவின் பயணம் நடன வரலாற்றில் பெரும்பாலும் 'பயதேர் மோகம்' என்ற ஐரோப்பியக் கதையின் ஓர் அத்தியாயமாகவே எழுதப்படுகிறது. கடலூர் மாவட்டத்திலிருந்து பார்த்தால் அது வேறாகத் தெரிகிறது. தம் காலத்தின் முழுத் தேர்ச்சி பெற்ற கலைஞர்கள், ஆறு வயதுக் குழந்தை உட்பட, தங்களுக்கென ஒரு வரிசையும் இலக்கணமும் கொண்ட கலையோடு சென்றனர். அந்த வரிசை கலைக்கப்பட்டு, உருப்படிகள் துண்டுகளாக மேடையேறின.

கலவை நிகழ்ச்சி என்ற வடிவத்தில் தவறு எதுவுமில்லை. பல ஊர்களுக்குச் செல்லும் குழுவுக்கு அது வசதியானது. புதிய பார்வையாளர் ஒரே மாலையில் பல சுவைகளை அறிகிறார். ஓர் உருப்படி இன்னொன்றுக்கு விளக்கமாகவோ மறுப்பாகவோ அமையலாம். பழைய நடன விளம்பரத்தையோ இன்றைய விழா அழைப்பிதழையோ படிக்கும் மாணவர்கள் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்வது பயன்தரும்: உருப்படிகளுக்குப் பெயரிட்டவர் யார், வரிசையை வகுத்தவர் யார், ஆடியவர்களின் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா. 1838-இன் விளம்பரங்களில் இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடை ஆடியவர்களுக்குச் சாதகமாக இல்லை. தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சௌந்தரம், வேதம் என்று அப்பெயர்களைத் தமிழில் சரியாக எழுதி, அவர்களைச் சதிரின் வரலாற்றில் சேர்ப்பது தமிழ் நடன வரலாற்றாய்வின் கடமையாகும்.